புங்கங்கன்றைத் தேடி வந்த விருந்தாளிகள்

குறும்பக்கரட்டுக்குப் புகை விருந்துக்கு வந்தது ஒரு புரட்டாசிக் காலையில். விருந்துக்கு என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அது நெருப்பைக் கூட்டிக்கொண்டு வரவில்லை, அவசரப்படவில்லை, யார் மேலும் இடிக்கவில்லை. மதுரை ரோட்டிலிருந்து பிரிகிற மண்பாதையில் ஓரமாக ஒதுங்கி ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஊர் எல்லைப் பாலத்துக்குப் பக்கத்தில், புது ஊருக்கு வருகிறவர்கள் பையை இறக்கி வைத்துவிட்டு வழி பார்ப்பார்களே, அதுபோலக் கொஞ்சம் நின்று, பிறகு யாரையும் கேட்காமல் ஊரை ஒட்டிய பாறைக் கரட்டுப் பக்கம் திரும்பிப் போயிற்று. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரோ சோளத்தட்டையைக் கொளுத்திவிட்டான் என்றார்கள். கிட்டே வந்த பிறகுதான் அது ஒரு புகை இல்லை, பல புகைகள் என்று தெரிந்தது. ஒவ்வொன்றும் ஆளுயரம், சாம்பல் வெள்ளை, கால் இருக்க வேண்டிய இடம் மட்டும் தரையில் படாமல் லேசாகக் கலைந்துகொண்டிருந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஒரு தரம் பார்த்துவிட்டு, பால் பொங்குகிறதே என்று திரும்பிக்கொண்டார்.

எல்லாப் புகையிலும் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை அடித்தது. அதற்கு அடியில் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வாசனை இருந்தது: ஒன்றில் சவரம் செய்த முகத்துக்குத் தடவுகிற தைலம், ஒன்றில் பிள்ளைப் பால், ஒன்றில் புதுப் பெட்டி, ஒன்றில் சாவு வீட்டுக்கு ஓடுகிறவர்களின் பட்டினி வாய். ஆகாயத்தில் பறந்தவர்கள் தங்களுக்குப் பின்னால் விட்டுவிட்டுப் போன புகை இது என்று ஊருக்கு விளங்க அரைப்பொழுதுகூட ஆகவில்லை. அது ஏன் மற்ற ஊரையெல்லாம் தாண்டி இங்கே வந்தது என்று விளங்கியபோதுதான் ஆண்கள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள், பெண்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் அவரவர் வேலைக்குப் போனார்கள்.

பஞ்சவர்ணத்துக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மல்லிகைத் தோட்டத்தில் மடி நிறைய மொட்டோடு நின்றவள், வரப்புக்கு அந்தப் பக்கம் அந்த வரிசை போவதைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முல்லை மகளிர் குழுவுக்குத் தலைவி அவள்தான். வந்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது யார் என்று கேட்டால், அதுவும் அவள்தான்.

நடந்தது இதுதான். விமானத்துக்கு டிக்கெட் எடுக்கிறவர்களின் போனில் கடைசியாக ஒரு சின்னக் கட்டம் வரும். உங்கள் பயணத்தின் புகைக்கு ஈடாக ஒரு மரம் நடலாமா என்று பணிவாகக் கேட்கும். சரி என்று தொட்டால் டிக்கெட்டோடு கொஞ்சம் சேர்த்து வாங்கிக்கொண்டு, எங்கேயோ ஒரு வறண்ட இடத்தில் அவர் பேரில் ஒரு கன்று நடப்படும், கன்றில் அவர் பேர் எழுதிய அட்டை தொங்கும், அந்தப் படம் அவருக்கே போய்ச் சேரும், அவரும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டு போகலாம். அந்த எங்கேயோ என்பது குறும்பக்கரட்டின் புறம்போக்கு. பசுந்தடம் என்கிற அமைப்பிலிருந்து சட்டைப்பையில் இலைச் சின்னம் போட்ட ஜெயசீலன் என்பவர் மோட்டார் சைக்கிளில் வந்து, உலகத்துப் பாவத்தையெல்லாம் கழுவுகிற வேலை உங்கள் குழுவுக்குக் கிடைத்திருக்கிறது அக்கா என்று சொன்னபோது, பஞ்சவர்ணம் உண்மையிலேயே புல்லரித்துப் போனாள்.

முதல் மழைக்கு அவர்கள் நேர்மையாகத்தான் நட்டார்கள். பாறையில் கடப்பாரை தெறிக்கத் தெறிக்கக் குழி வெட்டி, வேம்பும் நாவலும் புளியும் புங்குமாக வைத்து, கரட்டின் வயிற்றில் ஒரு பச்சைத் துணியைப் போர்த்தியதுபோல ஆக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். அப்புறம் மழை பொய்த்தது. ஆடுகள் பொய்க்கவில்லை. லாரித் தண்ணீர் வந்தபோது அதைப் பூவுக்கு விடுவதா கன்றுக்கு விடுவதா என்று ஒரு கேள்வி வந்தது, வந்த வேகத்திலேயே போயும் விட்டது, ஏனென்றால் பூ சோறு போடுகிறது. கரட்டில் நட்டதெல்லாம் குச்சியாகி, குச்சியும் அடுப்புக்குப் போனபிறகு, தெருக்குழாய்க்குப் பக்கத்தில், துணி துவைக்கிற கல்லின் சோப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஒரே ஒரு புங்கங்கன்று மட்டும் கோணலாக நின்றது. அட்டைகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன.

குறும்பக்கரட்டில் ஒரு பழக்கம் உண்டு. பெண் பார்க்க வந்தால், பெண்ணின் கழுத்தில் சிட்டம்மாள் வீட்டுக் காசுமாலை ஏறும். எந்த வீட்டுப் பெண்ணானாலும் அதே காசுமாலைதான். பலகாரத் தட்டு வருவதற்கு முன்னால் கொல்லைப்புறமாக வந்து கழுத்தில் விழும், மாப்பிள்ளை வீட்டார் செருப்பு மாட்டுவதற்குள் கொல்லைப்புறமாகவே திரும்பிப் போகும். வருகிறவர்களுக்கும் இது தெரியும், தெரிந்தே பார்த்துத் தெரியாததுபோல் தலையாட்டுவார்கள். ஊரில் யாரும் இதைப் பொய் என்று சொன்னது கிடையாது, இரவல் என்றுதான் சொல்வார்கள். ஆகவே அட்டையோடு என்ன செய்வதென்று முழித்த நாளில், குழுவின் காரியதரிசியாக இருந்த அதே சிட்டம்மாள், இந்தப் புங்கனைத்தான் எல்லோருக்கும் காட்டுவோமே மதினி, கன்று கழுத்தில் ஒரு அட்டைதானே என்று சொன்னபோது, பஞ்சவர்ணத்துக்கு மனசில் ஒரு முள்கூடக் குத்தவில்லை. கட்டுவார்கள், பக்கத்தில் நின்று கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பார்கள், படம் எடுத்ததும் அவிழ்ப்பார்கள், அடுத்த பேரைக் கட்டுவார்கள். மழைக்காலத்தில் மரம் வைத்து ஈடு கட்டிவிடலாம் என்றுதான் நினைத்தார்கள். அந்த மழைக்காலம் இன்னொரு மழைக்காலத்துக்குத் தள்ளிப் போயிற்று, அது மற்றொன்றுக்கு.

இதற்காக விமானத்தைத் திட்டலாமென்றால் அந்த ஊரில் யாருக்கும் வாய் கிடையாது. விடிகாலையில் எடுத்த மொட்டை ஈரத்துணி சுற்றி, ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டியில் அடைத்து, பஞ்சவர்ணத்தின் புருஷன் வீரணன் வேனில் ஏற்றிக்கொண்டு மதுரை விமான நிலையத்துக்குப் பறப்பான். அந்தப் பூ அன்று பொழுது சாய்வதற்குள் துபாயிலோ சிங்கப்பூரிலோ யாரோ ஒருத்தியின் கூந்தலில் மலரும். பாதி வீடுகளில் மகனோ மருமகனோ கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். இரண்டு பேர் விமான நிலையத்தில் பெட்டி தூக்கினார்கள், ஒருத்தி பயணிகள் போர்த்துகிற கம்பளியைத் துவைக்கிற கம்பெனிக்குப் போய்வந்தாள். பஞ்சவர்ணத்தின் ஒரே மகள் நித்யகலா, பூ விற்ற காசில் நர்சுக்குப் படித்து, குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். ஆகாயத்தைத் தொடாமல் அந்த ஊரில் ஒரு அடுப்பும் எரியவில்லை.

வந்த புகைகள் கரட்டில் ஏறி, தங்கள் பேரில் வெட்டிய குழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தன. குழிகள் மண் மூடிக் கிடந்தன, சிலவற்றில் ஆட்டுப் புழுக்கை கிடந்தது. சத்தம் போடவில்லை, சாபம் விடவில்லை. கல்யாணப் பத்திரிகையோடு வந்து, மண்டபம் பூட்டிக் கிடப்பதைப் பார்த்த சொந்தக்காரர்களைப்போலக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இறங்கித் தெருக்குழாய்க்கு வந்தன. அங்கே எல்லாமாகச் சேர்ந்து அந்த ஒற்றைப் புங்கனைச் சுற்றி நின்றன. எல்லோருடைய பேரும் ஒரு தரமாவது அதன் கழுத்தில் தொங்கியிருக்கிறது அல்லவா. நெருக்கியடித்துக்கொண்டு, அதே சமயம் ஒன்று மற்றொன்றுக்கு இடம் விட்டுக்கொண்டு நின்றதில் கன்று கண்ணுக்கே தெரியவில்லை.

முதல் நாள் யாரும் கிட்டே போகவில்லை. தண்ணீர் பிடிக்கப் போக முடியாமல் குடங்கள் காய்ந்தன. மறுநாள் உச்சி வெயிலில் சிட்டம்மாள் ஒரு செம்பு மோரை எடுத்துக்கொண்டு போய், யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் தரையில் வைத்துவிட்டு வந்தாள்.

"வாசலுக்கு வந்தவங்கள வெயில்ல நிக்க வச்சுப்புட்டு நம்ம உள்ள சோறு திங்கிறதா மதினி? நம்ம செஞ்சது செஞ்சதுதான். வந்தவங்க என்ன செஞ்சாங்க?" என்று அவள் கேட்டபோது பஞ்சவர்ணம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே, கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டாரை வீட்டுக்கு வீடு பிரித்துப் படுக்க வைப்பதுபோல, ஊர் புகைகளைப் பிரித்து எடுத்துக்கொண்டது. பரண் இருந்தவர்கள் பரணில் வைத்தார்கள், தொழுவம் இருந்தவர்கள் தொழுவத்தில், ஒன்றுமில்லாதவர்கள் கொடிக்கயிற்றுக்குக் கீழே. மிச்சத்தைப் பள்ளிக்கூடம் வாங்கிக்கொண்டது. வாத்தியார் கடைசி பெஞ்சைக் காலிசெய்து கொடுத்தார். வெகுசீக்கிரம் அதற்கென்று நடைமுறைகள் வந்துவிட்டன. புகை இருக்கிற வீட்டில் ஃபேன் போடக்கூடாது. முறத்தால் புடைக்கும்போது திரும்பி உட்கார்ந்து புடைக்க வேண்டும். துளசித் தொட்டியோ கருவேப்பிலைச் செடியோ இருந்தால் அதை இரவு உள்ளே எடுத்து வைக்க வேண்டும், அதன் பக்கத்தில்தான் புகை அமைதியாக இருக்கும். யார் எப்படிப்பட்டவர் என்பதும் பிடிபட்டது. கோயமுத்தூர்க்கார முதலாளி ஒருவரின் புகை வாரத்துக்கு ஒன்று புதிதாக வந்து சேர்ந்து, முன்னால் வந்த தன் புகைகளோடேயே நின்றதால் அவருக்கு மட்டும் தனியாக ஒரு வைக்கோல் கொட்டாய் தேவைப்பட்டது. தேனிலவுக்குப் போன ஒரு ஜோடியின் புகையைப் பிரித்து வைக்க முடியவில்லை. சாவு வீட்டுக்குப் போனவரின் புகை படுத்த சுவர் காலையில் ஈரமாக இருந்தது, அந்த வீட்டுக்காரி அதைத் துடைக்காமல் விட்டாள்.

கருணை வயிற்றை நிரப்பாது என்பது மூன்றாம் வாரத்தில் தெரிந்தது. பிள்ளைகள் இருமினார்கள். வெளுத்த வேட்டியில் கோடு கோடாகக் கரி படிந்தது. மல்லிகை மொட்டின் நுனியில், மை தொட்ட விரல் பட்டதுபோல ஒரு சாம்பல் புள்ளி விழ ஆரம்பித்தது. பெட்டிகளைத் திறந்து பார்த்த துபாய்க் கடைக்காரர் இனி இந்த ஊர்ப் பூ வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ரேஷன் கடை முன்னால் ஊர் கூடியது. பூ ஏஜெண்டு தங்கராசு, மருந்தடிக்கிற மிஷினில் வெறும் காற்றை வைத்து எல்லாவற்றையும் கரட்டுக்கு அந்தப் பக்கம் ஊதித் தள்ளிவிடலாம், வாடகைக்கு எடுத்துத் தருகிறேன் என்றான். நல்ல யோசனை என்று நிறையப் பேர் தலையாட்டினார்கள். ஊதினால் எங்கே போவார்கள் என்று யாரோ கேட்க, வந்த இடத்துக்குப் போகட்டுமே என்றான் தங்கராசு. வந்த இடம் ஆகாசம், அங்கே வேண்டாமென்றுதானே காசு கட்டி நம்மிடம் அனுப்பினார்கள் என்று பஞ்சவர்ணம் தலையைத் தூக்காமல் சொன்னாள். அவள் வாயிலிருந்து அது வந்ததும் மிஷின் பேச்சு அதோடு நின்றது.

அதற்குப் பதிலாக மரம் நட்டார்கள். இந்த முறை போட்டோவுக்கு இல்லை. பூந்தோட்டத்துத் தண்ணீரில் பாதியைக் குடத்தில் சுமந்து கரட்டுக்கு ஏற்றினார்கள், ஆட்டுக்காரர்கள் முள்வேலி போட்டார்கள். நடுகிற இடத்துக்குப் புகைகளும் கூடவே போய் நின்று பார்த்தன. ஆனால் கன்று விரல் பருமன்கூட இல்லை, அது மரமாகி நிழல் விடுவதற்குள் ஒரு மனுஷர் எத்தனையோ தரம் பறந்துவிடுகிறார். பாலத்துப் பக்கம் புதுப்புகை வந்தபடியே இருந்தது. ஒரு கன்றுக்கு முன்னால் ஒரு குடும்பமே நின்றது.

ஜெயசீலன் அப்போதுதான் வந்தார். மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, சுற்றிலும் பார்த்து, கொஞ்சம் கண்ணைக் கசக்கிக்கொண்டார்; அவ்வளவுதான். இவர்களை உயரவாரியாக வரிசையில் நிறுத்த முடியுமா அக்கா, பின்னால் கரடு தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தால் நன்றாக இருக்கும், பயணிகளுக்கும் தங்கள் புகை பத்திரமாக வந்து சேர்ந்தது என்று ஒரு நம்பிக்கை வரும் என்றார். பஞ்சவர்ணம் அவரையே பார்த்தாள். மாதம் இரண்டு தரம் டெல்லிக்குப் பறக்கிறவர் அவர், அவளே எத்தனையோ முறை போனில் பேசியிருக்கிறாள்.

"சார், உங்க புகை எங்க சார்? ஒண்ணுகூட வரலியே," என்றாள்.

அவர் கேலியாகச் சிரிக்கவில்லை. தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"நான் அந்தக் கட்டத்தைத் தொடறதில்லக்கா. அதெல்லாம் நம்புறவங்களுக்கு."

நம்பாதவர்களின் புகை போக இடமில்லாமல் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது, நம்பினவர்களின் புகை மட்டும் முகவரி விசாரித்து நடந்து வந்திருக்கிறது என்பது அப்போதுதான் பஞ்சவர்ணத்துக்கு உறைத்தது. ஏமாற்றினதுகூடப் பெரிசில்லை, உலகத்திலேயே கொஞ்சமாவது மனசு உறுத்தினவர்களாகப் பொறுக்கியெடுத்து ஏமாற்றியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அன்று அவள் சாப்பிடவில்லை.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டிருப்பாள். அவளால் தாங்க முடியாதது வேறொன்று, அதை அவள் வீரணனிடம்கூடச் சொல்லவில்லை. புகைகள் வந்த இரண்டாம் நாளே அந்தக் கூட்டத்தில் தன் மகளின் புகையைக் கண்டுபிடித்திருந்தாள். வெந்தயம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயும் ஆஸ்பத்திரி மருந்து வாடையும் கலந்து அடித்தது, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றது, பெற்றவளுக்குத் தெரியாதா. கலா லீவுக்கு வரும்போதும் போகும்போதும் அந்தக் கட்டத்தைத் தொடுகிறவள், அம்மா மரம் வைக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். அவள் பேர் போட்ட அட்டை முதல் தரம் வந்தபோது பஞ்சவர்ணம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தன் கையாலேயே புங்கனில் கட்டி, படம் எடுத்து, தன் கையாலேயே அவிழ்த்தாள். பின்னால் வேறு பேர்கள் காத்திருந்தன.

வாத்தா, வீட்டுக்கு வா, உன் வீடுதானே என்று பஞ்சவர்ணம் யாருமில்லாத நேரமாகப் பார்த்துப் போய்க் கூப்பிட்டாள். அது சிட்டம்மாள் வீட்டுப் பரணில் படுத்தது, பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தது, தங்கராசு வீட்டுத் தொழுவத்துக்குக்கூட ஒரு நாள் போயிற்று. பெற்றவள் வீட்டுப் படியில் மட்டும் ஏறவில்லை. பொழுது விடிந்தால் புங்கனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்ளும்.

ஐப்பசியில் லீவு கிடைத்திருக்கிறது, தீபாவளிக்கு வருகிறேன், என் மரம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று கலா போனில் சொன்ன அன்று, பஞ்சவர்ணம் போனை வைத்துவிட்டு அடுப்பங்கரையில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஊருக்கெல்லாம் தெரிந்த மானக்கேடு மகளுக்கு மட்டும் தெரியாமல் இருந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. வேறு எது போனாலும் போகட்டும், அவள் மட்டும் தன்னைப் பார்க்கிற பார்வை மாறக்கூடாது. விஷயம் கேட்ட வீரணன், அவன் பங்குக்கு அவனால் முடிந்ததைச் செய்தான். பூ இறக்கிவிட்டுத் திரும்புகிற வேனில், வத்தலக்குண்டு நர்சரியிலிருந்து ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த ஒரு புங்க மரத்தை வேரும் மண்ணுமாகச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்தான். வேண்டாம் என்று சொல்ல பஞ்சவர்ணத்துக்கு வாய் வந்தது, சொல்லவில்லை. கரட்டின் அடிவாரத்தில் நட்டு, மண்ணை மிதித்து, சருகு தூவி, கலாவின் அட்டையை அதில் கட்டினார்கள். புகைகளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கட்டினாள்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் கலா வந்தாள். ஊர் முழுக்கப் புகை உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவள் திடுக்கிடவில்லை. அவளுக்குப் பின்னாலேயே அவளுடைய புதுப்புகையும் பையைப் பிடித்துக்கொண்டு வருகிற பிள்ளையாகக் கூடவே வந்து, பாலத்தில் நின்று, புங்கனைப் பார்த்துப் போயிற்று. அவள் அதைப் பார்த்தாள், அம்மாவையும் பார்த்தாள். சாப்பிட்டு, குளித்து, ஈரத்தலையோடு வந்து என் மரத்தைக் காட்டும்மா என்றாள்.

அடிவாரம் போகிற வரை பஞ்சவர்ணம் ஏதேதோ பேசிக்கொண்டே போனாள், பூ விலை, யார் வீட்டில் விசேஷம், மழை. மரத்தின் முன்னால் போய் நின்றதும் பேச்சு தீர்ந்துவிட்டது.

"இதுதான் உன் மரம்," என்றாள்.

கலா இலையைத் தொட்டாள், அட்டையைத் திருப்பிப் படித்தாள், காலடியில் மண் பொதுக்கென்று அமுங்குவதை உணர்ந்து ஒரு எட்டு பின்னால் வைத்தாள். நல்லா இருக்கும்மா என்றாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துத் தெருக்குழாய்க்குக் கூட்டிவந்து, துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். சுற்றிலும் நின்ற புகைகள் கொஞ்சம் விலகி அவளுக்கு இடம் விட்டன. கோணல் புங்கன் அவள் தோள்மட்டம்கூட இல்லை.

"எங்க வார்டுல எல்லாரையும் நாந்தாம்மா அந்தக் கட்டத்தைத் தொடச் சொன்னேன். போட்டோ வந்ததும் சாப்பிடுற எடத்துல எல்லாரும் போனைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தோம். எல்லார் போட்டோலயும் இதே கன்னு. இதே கல்லு. எல்லாத்துலயும் நீ அந்த ஊதாச் சேலையில கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற."

பஞ்சவர்ணம் நின்றபடியே இருந்தாள். இது எப்போது நடந்தது என்று கேட்டாள். வேலைக்குச் சேர்ந்த மறுவருஷம் என்றாள் கலா. அத்தனை காலமாகவா என்றாள் பஞ்சவர்ணம்.

"ஒரே தாய்மரத்து விதை, ஒண்ணுபோலத்தான் மொளைக்கும்னு சொன்னேன். சிரிச்சாங்க. இந்தப் பொம்பளையப் பாரு, எப்படிச் சிரிச்சு ஏமாத்துதுன்னு ஒருத்தி சொன்னா." கலா துவைக்கிற கல்லின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள். "அது எங்க அம்மான்னு நான் சொல்லலம்மா. அவங்களோட சேந்து நானும் சிரிச்சேன்."

பஞ்சவர்ணத்துக்குத் தன் கன்னத்தில் யாராவது அறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது. மகள் அழுதுகொண்டிருந்தாள். தன்னால் இவள் வெட்கப்பட்டது ஒருபக்கம், வெட்கப்பட்டதற்காக இவள் இத்தனை காலம் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தது இன்னொரு பக்கம். எதைத் துடைப்பது என்று தெரியாமல் முந்தானையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"தெரிஞ்சப்புறமும் ஏண்டி ஒவ்வொரு தரமும் மரத்துக்குக் காசு கட்டினே?"

"நான் கட்டுனாத்தானே என் பேரு உன் கைக்கு வரும். ஒரு நிமிஷமாச்சும் என் பேரைக் கையில வச்சிருப்பேல்ல."

குடத்தோடு வந்தவர்கள் அவர்களைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பிடிக்காமலே திரும்பிப் போனார்கள்.

தீபாவளிக்குப் பஞ்சவர்ணம் எண்ணெய்ச் சட்டி வைத்தாள், முறுக்குப் பிழிந்தாள், மகளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். எல்லாம் செய்தாள், முகத்தை மட்டும் நேராகப் பார்க்கவில்லை. நர்சரி மரம் நட்ட இடத்தில் பிடிக்காமல் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நின்றது, வீரணன் அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றினான். கலாவுக்குத் திரும்பிப் போக டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டே வந்தவள், கடைசியில் நிறுத்திவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அதை அம்மாவிடம் நீட்டினாள். சின்னக் கட்டம் பணிவாகக் கேட்டுக்கொண்டு நின்றது.

பஞ்சவர்ணத்தின் விரலில் மாவு ஒட்டியிருந்தது. நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள்.

"வேண்டாம்த்தா. இல்லாத மரத்துக்கு இனி யாரையும் கூப்பிடாத."

அப்போ அது எங்கேம்மா போகும் என்று கலா கேட்டாள். கேள்வியில் குத்தல் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பஞ்சவர்ணம் விரலில் ஒட்டியிருந்த மாவை வழித்தாள். கலா கட்டத்தைத் தொடாமல் டிக்கெட்டை எடுத்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தாள்.

போகிற அன்று பூப்பெட்டிகளோடு அதே வேனில் அவளும் ஏறிக்கொண்டாள். மல்லிகையில் புள்ளி இன்னும் விழுந்துகொண்டுதான் இருந்தது. துபாய்க்காரர் வேண்டாம் என்றதை மதுரைச் சந்தையில் வந்த விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பஞ்சவர்ணம் முறுக்கை ஒரு தூக்குவாளியில் அடைத்துக் கொடுத்தாள், பத்திரம் என்றாள், வேன் பாலத்தைத் தாண்டுகிற வரை நின்றாள். அப்புறம் வந்து கரட்டுக் கன்றுகளுக்குத் தண்ணீர் சுமந்தாள், பள்ளிக்கூடத்துப் புகைகளை வெயில் தாழ நிழலுக்கு மாற்ற வாத்தியாருக்குக் கைகொடுத்தாள், வீட்டுக்கு வந்து வாசல் கூட்டினாள். ஆகாயத்தில் ஒரு விமானம் போன சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மகளின் புகைக்குக் கீழே இறங்க ஒரு இடம் சொல்லிவிடவில்லையே, அது இனி மேலேயே அலையட்டும் என்று விட்டோமே என்று விளக்குமாறைப் பிடித்தபடி நினைத்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் அது வந்தது. ஒற்றையாக, பாலத்தில் நிற்காமல், கரட்டுப் பக்கம் திரும்பாமல், தெருவோடு நேராக வந்தது. குழாயடியில் காத்து நின்ற அவளுடைய பழைய புகைகளும் ஒவ்வொன்றாக அதன் பின்னால் சேர்ந்துகொண்டன. முறுக்கு வாசனையும் காலையில் வைத்துவிட்ட எண்ணெயின் வாசனையும் அடித்தது. படிக்கு முன்னால் வந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து நின்றது. யாரும் அழைக்கவில்லை, எந்த மரமும் காட்டி வரவழைக்கவில்லை.

பஞ்சவர்ணம் விளக்குமாறைப் போட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கினாள். வா என்றாள். மகள் எதிரில் நிற்பதுபோலவே தலை குனிந்துதான் சொன்னாள். அது படியேறி, அவளைத் தாண்டி, நிலைக்கதவில் இடிக்காமல் உள்ளே போய், கலா படுக்கிற மூலையில் உட்கார்ந்தது. மற்றவையும் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தன. எதிர்வீட்டில் விளக்கு ஏற்றினார்கள். பஞ்சவர்ணம் மட்டும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள், அவளையும் யாராவது உள்ளே வா என்று ஒரு வார்த்தை கூப்பிட வேண்டியிருந்தது.